தூண்டிலுக்கு மானியம்: படகுக்கா, பாருக்கா, கரைக்கா?

பாம்பன் பக்கம் தூண்டில் போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மீன் விழுந்தால்தான் வீட்டில் உலை வைக்க முடியும் என்பவர்கள் ஒரு வகை. ஒன்றுமே விழாவிட்டாலும் ‘நல்ல காத்து’ என்று சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. அரசுத் தாள்களில் ‘பொழுதுபோக்கு மீன்பிடிப்பு’ என்று எழுதினால் அது எங்களைத்தான்.

எங்களுக்காக அரசு பணம் செலவழிக்கலாமா என்று கேட்டால், தாராளமாகச் செலவழிக்கலாம் என்பேன். எதில் என்பதில்தான் தகராறு. மச்சான் படகு என்கிறான். எங்களோடு வரும் வாத்தியார் கடலுக்குள் செயற்கைப் பார், அதாவது மீன் தங்கும் திட்டு, போட வேண்டும் என்கிறார். எனக்குக் கரை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசியும் முடியவில்லை, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் படகு. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், அலங்கார மீன் வளர்ப்போடு சேர்த்து பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கும் ஒரு செலவினம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் அலகின் மதிப்பு 50 லட்சம். பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அதாவது 20 லட்சமோ 30 லட்சமோ அரசு தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் 30 லட்சத்தையோ 20 லட்சத்தையோ யார் புரட்டுவது? விடுதி வைத்திருப்பவர் புரட்டுவார். வத்தை என்கிற சின்னப் படகில் போய்த் தூண்டில் போடுகிறவருக்கு அது ஆகாத காரியம். மீன் எங்கே நிற்கும் என்று தெரிந்த மனிதர் அந்தப் படகில் சம்பளத்துக்குத்தான் ஏறுவார்.

பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 2017இல் வந்த திட்டத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைக்காசு 10 சதவீதம். எழுபது சதவீதம் மானியம் கிடைத்தும் கடன் பங்கை நினைத்துத் தயங்கியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் கடலே பிழைப்பாக இருப்பவர்கள். சுற்றுலாக்காரர் வருவாரா மாட்டாரா என்பதை நம்பி 60 சதவீதம் இறக்கச் சொன்னால்?

இதைச் சொன்னால் மச்சான், ‘மாலத்தீவைப் பாரு மாப்ள’ என்பான். மாலத்தீவைச் சுற்றி இருப்பது திறந்த கடல். நமக்குத் தெற்கே, தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986 முதல். அதற்குள் மீன்பிடிக்கக் கூடாது. வடக்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை, அதில் விசைப்படகுகள், கொஞ்சம் தள்ளினால் இலங்கை எல்லைக்கோடு. ராமேஸ்வரத்தில் தெற்கை ஆண் கடல் என்றும் வடக்கைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஆண் கடலில் படகில் நின்று ரீல் சுற்றச் சொன்னால், சென்னையிலிருந்து வந்தவருக்குக் காலையில் சாப்பிட்ட இட்லிதான் முதலில் வெளியே வரும்.

அப்புறம் வாத்தியாரின் பார். இதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.

கடலடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் நம் பக்கம் பார் என்பார்கள். கலவாய், விளமீன், பாறை, ஊளி போன்ற மீன்கள் எல்லாம் அங்கேதான் சுற்றும். இருந்த பாரை நாம்தான் உடைத்தோம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையைத் தோணி தோணியாக அள்ளினோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அதற்குப் பதிலாகச் சிமெண்டு. ஓட்டை ஓட்டையாக வார்த்த முக்கோணக் கட்டைகள், கிணற்று உறை மாதிரி வளையங்கள், கலவாய் ஒதுங்குவதற்கென்றே அறை வைத்த கட்டைகள் என்று சில வடிவங்கள் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் அலையில் தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற 2015இலிருந்து இப்படித்தான் கட்டைகளை இறக்கினார்கள். இறக்கினால் முதலில் பாசி பிடிக்கும், பிறகு சிப்பியும் கொட்டலசும், அதைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன். சேற்றுத் தரையில் போட்டால் கட்டை புதைந்துவிடும் என்பதால் இடம் பார்த்துத்தான் போட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் பிறந்து, பல வருஷம் இருந்ததே நம் மண்டபத்தில்தான்.

இதை அரசே செய்வதால் பயனாளியின் பங்கு என்று எதுவும் கிடையாது. மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன. யாரும் வங்கிப் படி ஏற வேண்டாம்.

பாம்பனில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தலை நிமிராமலே சொன்னார்: “சிமெண்டு கிடக்குற எடத்துல வலைய விட்டா வலைதான் போகும் தம்பி. தூண்டில்காரனுக்குத்தான் அது.” விஷயமே அதுதான். பார் போட்டால் அது தூண்டிலுக்கான கடலாகிவிடுகிறது. ஆனால் எந்தத் தூண்டில்? கரையிலிருந்து வீசினால் எட்டாது, படகு வேண்டும். படகு வைத்திருப்பவர் முதல் வகை ஆள். நான் காசு கொடுத்து அங்கே போய், அவர் விற்க வேண்டிய விளமீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் அது பொழுதுபோக்கு இல்லை, வயிற்றெரிச்சல். பார் மீனைப் பெருக்குகிறதா, சிதறிக் கிடந்த மீனை ஒரே இடத்தில் கூட்டிக் கொடுக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. கூட்டிக் கொடுப்பது மட்டும் என்றால், பிடிப்பதற்குக் கட்டுப்பாடு இல்லாத பார் கொஞ்ச நாளில் வெறும் சிமெண்டுதான்.

இனி கரை. போன தையில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் தடுப்பின் மேல் நானும் மச்சானும் நின்றோம். ஓரா மீன் நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. இருட்டியதும் இடம் மாறுகிறேன் என்று மச்சான் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவினான். பாசி வழுக்கி, முட்டி வரை கால் இடுக்கில் இறங்கிவிட்டது. கையில் இருந்த மீன் பையின் மேல் விழுந்ததில் ஓரா முள் உள்ளங்கையில் ஏறியது. அந்த முள்ளில் விஷம். குத்தினால் விண்ணென்று கடுக்கும். நான் ஒரு கையில் போன் வெளிச்சம், ஒரு கையில் அவன் தோள் என்று இழுத்தேன். ஒரு டீக்கடையில் சுடுதண்ணீர் கேட்டு, பொறுக்கிற சூட்டில் கையை முக்கி வைத்த பிறகுதான் அவனுக்குப் பேச்சே வந்தது. இன்னொரு நாள் அதே கற்களுக்கு நடுவில், அறுந்த தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் கயிறு) காலில் சுற்றிக் கொக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. நகவெட்டியால் அறுத்து விட்டோம். அந்த நரம்பு எங்களைப் போல யாரோ ஒருவர் போட்டதுதான், ஏன் நானாகவே இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், கடல் அரிப்பைத் தடுக்க அரசு போடும் இந்தக் கல் வரிசைக்குப் பெயரே ‘தூண்டில் வளைவு’. தூண்டில் போட நிற்கத்தான் அதில் இடமில்லை.

எனக்கு வேண்டியது பெரிய கட்டடம் இல்லை. இருக்கிற கல்லின் மேல் கொஞ்ச தூரத்துக்குத் தட்டையாக ஒரு தளம், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி, ஒரு விளக்கு, ஒரு குழாய், மீன் கழுவ ஒரு கல் மேடை, அறுந்த நரம்பைப் போட மூடியுள்ள பிவிசி குழாய் ஒன்று, கழிப்பறை. குழாயும் கழிப்பறையும் எங்களைவிட, விடிகாலையில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குத்தான் அதிகம் உதவும். விளக்குக்குக் கீழே கணவாய் மீன் வரும் என்பது எனக்குக் கிடைக்கும் லாபம். கரையில் விழுவதெல்லாம் கிழங்கான், மடவை, முரல், ஓரா என்று சின்ன மீன்தான். ஊளி வேண்டுமென்றால் படகுக்குத்தான் போக வேண்டும். மச்சான் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கரையின் பெரிய ஓட்டை பராமரிப்பு. ஒரு கடற்கரையில் போட்ட பூங்காவில் ஓடுகள் ஒரு வருஷத்தில் பெயர்ந்ததை நானே பார்த்தேன். அணைந்த விளக்கு அணைந்ததுதான். மானியம் கட்டிக் கொடுக்கும், பல்பு மாற்றாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி என்று ஒரு தாண்டலும் இருக்கிறது.

பல்பு மாற்றும் பணத்துக்கு வெளிநாட்டில் வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1950இலேயே சட்டம் போட்டு, தூண்டில் சாமான்களுக்கு 10 சதவீத வரி வாங்கி, அதைத் திரும்ப மீனுக்கும் தூண்டில்காரருக்குமே செலவழிக்கிறார்கள். 1984இல் படகு எரிபொருள் வரியையும் அதில் சேர்த்தார்கள். வேலைச் செலவில் 75 சதவீதம் வரை கூட்டரசு, மிச்சம் மாநிலம். மாநிலம் வாங்கும் உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் இந்தப் பணம் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உரிமக் கட்டணம் முழுக்க அறக்கட்டளைக் கணக்குக்குப் போகிறது. அந்தப் பணத்தில் தொழில் மீனவர்களுக்கு ஈடு கொடுத்து, 30 இடங்களைத் தூண்டில் பொழுதுபோக்குக்கென்றே ஒதுக்கினார்கள். இந்த ஒதுக்கலை மட்டும் நம் கரைக்குக் கொண்டுவரவே கூடாது. அங்கே தொழில் மீனவர் கொஞ்சம் பேர், பொழுதுபோக்குக்காரர் கூட்டம். இங்கே தலைகீழ்.

கட்டணம் வேறு விஷயம். நீலகிரியில் வெள்ளைக்காரன் 1879இலேயே மீனுக்கும் வேட்டைக்கும் சட்டம் போட்டான். கடலில் தூண்டில் போட நான் இதுவரை பத்து பைசா கட்டியதில்லை. வருஷத்துக்கு நூறு ரூபாய் வாங்கி அந்த விளக்கு எரியும் என்றால் கட்டுவேன். மீனவர் நலவாரிய அட்டை வைத்திருப்பவர்களிடம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆக, பெரிய பணம் வந்தால் பாருக்குப் போகட்டும். ஆனால் அதை எங்கள் கணக்கில் எழுத வேண்டாம், வத்தைக்காரர்கள் கணக்கில் எழுதட்டும். சின்னப் பணம் வந்தால் கரைக்கு. படகுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் புதுப் படகு வேண்டாம். இருக்கிற நாட்டுப்படகுக்காரர் நாலு பேருக்கு உயிர்க்கவசமும் நல்ல தூண்டிலும் கொடுத்து, காற்று அமைதியாக இருக்கும் மாதங்களில் ஆளை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தால் போதும்.

மச்சான் முட்டித் தழும்பைத் தடவிக்கொண்டே இன்னும் 50 லட்சத்துப் படகுதான் என்கிறான். கடன் யார் பேரில் என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்க்கிறான்.