விவாகரத்து டிகிரிக்கு நகல்: கவுண்டருக்கு இந்தப் பக்கம் 37 நாள்

தபால் ஆபீசில் 36 வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, மகளுடைய விவாகரத்துத் தீர்ப்புக்கு நகல் வாங்கப் போய் 37 நாள் இந்தப் பக்கம் நின்றேன். பிரியாணிக் கடைக்கும் மிக்சிக்கும் ஆளாளுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். கோர்ட்டு நகல் பிரிவுக்கு ஒருவர் எழுதியும் நான் பார்த்ததில்லை. அங்கே போய்வந்ததை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் இருக்கும். எந்தக் கோர்ட்டு என்று நானும் சொல்லப்போவதில்லை. தென் மாவட்டங்களில் ஒன்று, பழைய மாப்பிள்ளை வீட்டார் ஊர்ப் பக்கம். அவ்வளவு போதும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்துத் தீர்ப்பானால் இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு நகலைக் கோர்ட்டே இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்து திருமணச் சட்டம் 23(4) அப்படித்தான் சொல்கிறது. எங்களுக்கும் 2016-இல் கொடுத்தார்கள். மகளின் பி.இ. டிகிரியை லேமினேட் செய்து பீரோவின் மேல்தட்டில் வைத்த நான், இந்தக் கோர்ட்டு டிகிரியைக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டிக்கு அடியில், பழைய வேட்டிகளுக்குக் கீழே வைத்தேன். கண்ணில் படவேண்டாமே என்றுதான். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம். இடுப்பளவு தண்ணீர். பி.இ. தப்பித்தது. பெட்டியை நாலாம் நாள் திறந்தால் கோர்ட்டுக் காகிதம் நமத்த அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. முத்திரையின் ஊதா மை மட்டும் வேட்டியில் வட்டமாக ஏறியிருந்தது. எத்தனையோ முத்திரை குத்தியிருக்கிறேன், வேட்டியில் ஏறி இப்போதுதான் பார்க்கிறேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்த நகல் தேவைப்படவில்லை. 2025 ஆகஸ்டில் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். மறுமணம் முடிவாகியிருக்கிறது, சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், சான்றிட்ட நகல் கேட்கிறார்கள் என்றாள்.  ‘நான் போய் வாங்கிட்டு வாரேன், இதென்ன பெரிய விஷயம்’ என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

முதல் நாள் இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினேன். குடும்ப நல நீதிமன்றம் என்ற போர்டைப் பார்த்து நேராக அங்கே நுழைந்தேன். வழக்கு எண் கேட்டார்கள். என்னிடம் இல்லை. சரி, எந்த வருடம் என்றார்கள். சொன்னேன். ‘அப்போ இங்க குடும்பக் கோர்ட்டே கிடையாது சார். சப் கோர்ட்ல நடந்திருக்கும், அங்க போங்க.’ இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். குடும்ப நல நீதிமன்றம் பிறகு வந்த மாவட்டங்களில் பழைய விவாகரத்து வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில் நடந்தவை. நடந்துகொண்டிருந்தவை மாறியிருக்கும், முடிந்துபோனவை பழைய இடத்திலேயே கட்டாகக் கிடக்கும். எனவே எந்த வருடம், எந்தக் கோர்ட்டு என்பதைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

சப் கோர்ட்டு நகல் பிரிவு மாடிப்படிக்குக் கீழே. ஒரு ஜன்னல், கம்பி, கம்பிக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மா. எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் கேட்டார், ‘நீங்க பார்ட்டியா?’

‘பார்ட்டியோட அப்பா.’

‘அப்பா மூன்றாம் நபர் சார்.’

சுருக்கென்று இருந்தது. அந்தக் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன் நான், வாய்தா வாய்தாவாக அந்த வராண்டாவில் உட்கார்ந்தவனும் நான். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தால் அந்த அம்மா செய்தது சரி. பதிவுத் தபாலை, பெயருக்கு உரியவர் கையெழுத்தோ எழுதிக் கொடுத்த அதிகாரமோ இல்லாமல், அப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் நானும் கொடுத்ததில்லை. தாம்பத்திய வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், விவரத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுத்தால் அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம்? மூன்றாம் நபர் வாங்க வேண்டுமானால் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் போட்டு, நீதிபதி அனுமதித்தால்தான் உண்டு. இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிறேன், என்னைத் திருப்பி அனுப்பியதற்காகவே.

அப்புறம் வழக்கு எண். உண்மையில் நகல் வாங்குவதில் பாதி வேலை இதுதான். எங்கள் வக்கீல் காலமாகிவிட்டார், அவருடைய ஜூனியர் அலுவலகத்தை நடத்துகிறார். அங்கிருந்த பழைய குமாஸ்தா, ‘அண்ணாச்சி, 2015-லயா போட்டோம்?’ என்று நோட்டுகளைப் புரட்டினார். கரையான் அரித்தது போக மீதியில் எங்கள் வழக்கு இல்லை. கடைசியில் என் தம்பி மகன்தான் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டம், கோர்ட்டு, வருடம், பெயர் போட்டுத் தேடினான். மூன்று முறை ‘பதிவு இல்லை’ என்று வந்தது. ஆங்கிலத்தில் மகள் பெயரில் ஒரு ‘ஹெச்’சை எடுத்ததும் நாலாவது முறை வந்துவிட்டது. எச்.எம்.ஓ.பி. எண் (இந்து திருமண மனுவின் எண்), தீர்ப்பான தேதி, கூடவே டி.என். என்று தொடங்கும் 16 இலக்கக் குறியீடு. பின்கோடு ஆறு இலக்கத்தையே மக்கள் தப்பாக எழுதுவார்கள், இது பதினாறு. அதைச் சி.என்.ஆர். என்கிறார்கள். விவாகரத்துக்குப் போகிறவர்களோ போய்வந்தவர்களோ இதைப் படித்தால், அந்த எண்ணை மட்டும் இப்போதே எங்காவது எழுதி வையுங்கள். ஆனால் ஒன்று, அந்தத் தளத்தில் பார்ப்பது தகவலுக்குத்தான். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் எந்தப் பதிவாளரும் வாங்கமாட்டார்.

வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் மகள் கையெழுத்திட்டு செப்டம்பர் முதல் வாரம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினாள். பதிவுத் தபாலில் அனுப்பு என்று பழக்க தோஷத்தில் சொன்னேன். ‘அதைத்தான் ஒண்ணாந்தேதியோட ஸ்பீடு போஸ்ட்ல சேர்த்துட்டாங்களாமேப்பா’ என்றாள். என் துறையில் நடந்ததை அவள் சொல்லி நான் கேட்கவேண்டியிருக்கிறது. சரி, அது வேறு வருத்தம்.

செப்டம்பர் 8, ஜூனியர் வக்கீல் நகல் மனு போட்டார். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடி ஜெராக்ஸ் கடையில் படிவம், அதில் கோர்ட்டுக் கட்டண வில்லை. தீர்ப்பு, டிகிரி இரண்டும் வேண்டும் என்று எழுதச் சொன்னார். இரண்டும் வேறு வேறு. தீர்ப்பில் என்ன நடந்தது, ஏன் இந்த முடிவு என்று இருக்கும். டிகிரியில் ‘இந்தத் தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது’ என்ற முடிவு மட்டும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போய், மற்றது எங்கே என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசை. மூன்று செட் கேட்டோம். மரத்தடியில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, ஆயிரத்தைந்நூறு கொடுத்தால் நாலே நாளில் கையில் தருவதாகச் சொன்னார். அவர் கோர்ட்டு ஆளும் இல்லை, வக்கீலும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இனி குறை. மனு போட்டாயிற்று, கட்டணம் கட்ட வேண்டுமே, எவ்வளவு? பழைய வழக்குக் கட்டைத் தேடி எடுத்து, பக்கம் எண்ணி, எத்தனை ஸ்டாம்ப் தாள் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டுவார்கள், அவ்வளவுதான். போன் கிடையாது, குறுஞ்செய்தி கிடையாது. மனுவில் செல்போன் எண் எழுதியிருந்தோம், அது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பலகை இருப்பது சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சுவரில். அரைத் தாள், கையெழுத்து, மேலே போன வாரப் பட்டியல், அதற்கு மேலே யாரோ ஒட்டிய வாடகை வீடு விளம்பரம். எங்கள் எண் 17-ஆம் தேதியே வந்திருக்கிறது. குமாஸ்தா 22-ஆம் தேதிதான் பார்த்தார். ஐந்து நாள் போச்சு. குறித்த கெடுவுக்குள் தாள் கட்டாமல் விட்டால் மனுவே தள்ளுபடியாகிவிடும் என்றார்கள். ஒரு மணியார்டர் வந்தால் தபால்காரர் வீடு தேடிப் போய்ச் சொன்ன நாட்டில், கோர்ட்டு அழைப்பைச் சைக்கிள் ஸ்டாண்டில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லி வையுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் பலகையைப் பார்க்க. அதற்கு அவருக்கு ஏதாவது கொடுப்பது நியாயமான செலவு.

அந்த வரிசையில் ஒரு பையன் பாஸ்போர்ட்டுக்காக டிகிரி நகல் கேட்டு நின்றான். அவனுக்கு எங்கள் ஜூனியர்தான் சொன்னார், 2016 டிசம்பரிலேயே அந்த விதி போய்விட்டது, விவாகரத்தானவர்கள் பாஸ்போர்ட்டுக்கு டிகிரி காட்ட வேண்டியதில்லை என்று. மூன்றாவது தடவை வந்திருந்தானாம் பாவம்.

நடுவில் ஆயுத பூஜை விடுமுறை. அக்டோபர் 10 நகல் தயார், 15-ஆம் தேதி கையில் கிடைத்தது. நகலுக்கென்று கட்டியது பெரிய தொகை இல்லை, என் பஸ் செலவும் டீச் செலவும் அதைவிட அதிகம். ஜன்னலுக்கு உள்ளே யாரும் ஒரு பைசா கேட்கவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

நகலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. ஐந்து வரி: மனு செய்த நாள், தாள் கேட்ட நாள், தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனாவில் தேதி. அலங்காரத்துக்கு வைத்ததில்லை. மேல்முறையீடு செய்கிறவருக்கு, நகல் வாங்கச் செலவான நாள்களைக் காலக்கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள 1963 காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது, அதற்குத்தான் இந்தக் கணக்கு. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தபால் உறையில் முத்திரை முத்திரையாகப் பார்த்து எந்த ஊரில் எத்தனை நாள் தூங்கியது என்று கண்டுபிடிப்போமே, அதே வேலை. கட்டு தேட 9 நாள், பலகையைப் பார்க்காத எங்கள் குற்றம் 5 நாள், நகல் எடுக்கப் பூஜை விடுமுறையோடு சேர்த்து 18 நாள், தயாரானது தெரியாமல் இன்னொரு 5 நாள். தாமதத்தை ஒளிக்காமல் தன் முதுகிலேயே எழுதிக்கொடுக்கிற அலுவலகத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வெட்டிய இரண்டும் அந்தப் பலகைக்கு.

‘பக்கம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க சார்’ என்றார் எழுத்தர் அம்மா. செட்டுக்கு ஆறு பக்கம், மூன்று செட், பதினெட்டும் எண்ணினேன். படிக்கவில்லை. பரஸ்பர சம்மதம், இந்து திருமணச் சட்டம் 13பி, இடையில் ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, நீதிபதி தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே எங்கள் வழக்கு முடிந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் அவள் எங்கள் வீட்டு மாடியறையை விட்டு இறங்கவில்லை. அதைக் காகிதத்தில் வேறு படிக்கவேண்டுமா?

இரண்டு செட்டை அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் பெங்களூருக்கு அனுப்பினேன். மூன்றாவதை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று மகள் போனில் கேட்டாள். பீரோ மேல்தட்டில், உன் பி.இ.க்குப் பக்கத்தில் என்றேன்.

‘லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்கப்பா’ என்றாள்.