துறை இணையதளம் நன்று, உள்ளே இருக்கும் அரசாணைகளைத்தான் படிக்க முடியவில்லை

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் எல்லாம் படிக்கிறேன். இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். மாநில அரசுத் துறை ஒன்றின் இணையதளத்தில் உதவித்தொகை அரசாணைகளையும் படிவங்களையும் அடிக்கடி தேட வேண்டியிருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தளத்தைச் செய்தவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். தலைப்புகள் சரியாகக் குறிக்கப்பட்டிருப்பதால் ஒரே விசையை அழுத்தித் தாவிப் போகலாம், தேடல் பெட்டிக்குப் பெயர் இருக்கிறது, மெனு மவுஸ் இல்லாமலே திறக்கிறது. அரசாணைப் பட்டியலில் எண், தேதி, பொருள் மூன்றும் தெளிவாகக் காதில் விழுகின்றன. இதற்கு நாலு மதிப்பெண் தாராளமாகத் தருவேன்.

சரி, அரசாணையைத் திறந்தால்? பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். பக்க எண்ணைத் தவிர எதுவும் வாசிக்காது. வேறு சில, பழைய எழுத்துருவில் அடித்தவை. பார்ப்பவர்களுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானோ அதற்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பொருளில்லாமல் கொட்டும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழ்நாடு அரசே 2010இல் ஆணை போட்டுவிட்டது. படிவங்களும் அப்படித்தான், பெயர் எழுதும் இடம் வெறும் கோடு, தட்டச்சு செய்ய வழியில்லை.

படத்தை கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக மாற்றலாம், நானும் செய்கிறேன். ஆனால் அட்டவணை வந்தால் வரிசை கலைந்துவிடும், வருமான வரம்பு எந்தத் திட்டத்துக்கு, கடைசித் தேதி எதற்கு என்பதே குழம்பிவிடும். அப்படி வந்த எண்ணை நம்பி விண்ணப்பம் போட முடியாது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. தளத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதி ஓர் அரசாணையின் மூல வேர்ட் கோப்பைக் கேட்டேன், ஊழியர் ஒருவர் மறுக்காமல் அனுப்பிவைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரை தடங்கலே இல்லாமல் படித்துவிட்டேன். ஆக, படிக்கக்கூடிய கோப்பு அலுவலகத்தில் இருந்திருக்கிறது. அதை அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, திரும்ப ஸ்கேன் செய்யும்போதுதான் எங்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது. மின் கையொப்பம் செல்லும் என்று 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது, அப்புறம் எதற்கு இந்தச் சுற்று?

"கேட்டால் தருகிறோமே" என்று சிலர் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அப்படிச் சொல்லவில்லை. ஒலி, அச்சு, மின்னணு வடிவங்களில் இருக்கும் உள்ளடக்கம் எல்லாமே அணுகக்கூடியதாக இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. ஒருவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க அதில் இடமில்லை. அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளில், இணையதளத்தில் ஏற்றும் ஆவணம் இ-பப் என்ற மின்நூல் வடிவிலோ, ஓ.சி.ஆர். செய்த, அதாவது படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றிய பி.டி.எஃப். ஆகவோ இருக்க வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். அந்த 15(1) விதி, சட்டம் விதித்த கட்டாயத்தை வெறும் பரிந்துரையாகக் குறைக்கிறது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, மீற முடியாத தரங்களை வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு, நீதிபதி ஆர். மகாதேவன் எழுதியது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பார்வையற்றவர் தன் உதவித்தொகை ஆணையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, தன் வருமானம் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவருக்குத் தெரியவைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஆவணங்களுக்கு ஒரு மதிப்பெண், அதுவும் அந்த ஊழியருக்காக. அவர் எனக்கு அனுப்பிய அதே கோப்பை ஸ்கேனுக்குப் பக்கத்திலேயே ஏற்றிவைத்தால் நாளைக்கே நாலாக மாற்றிவிடுவேன். இதே சிக்கல் உள்ளவர்கள் துறைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. "தளம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல் அரசாணை எண், தேதி, திறந்தபோது திரைவாசிப்பான் என்ன வாசித்தது என்பதையும், கூடவே 42ஆம் பிரிவையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.