பழைய ஜிஐ குழாய்: ஒரு துண்டா, முழு லைனா?

வாடகைக்கு விடுவதற்காக 30 வருடப் பழைய ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்றால், சுவருக்குள் ஓடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை முதலில் பாருங்கள். கசிகிற இடத்தை மட்டும் உடைத்து ஒரு துண்டை மாற்றினால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். மற்ற குழாய்களில் தண்ணீர் தெளிவாக, வேகம் குறையாமல் வந்தால் இதுவே போதும்.

ஆனால் ஜிஐ உள்ளிருந்தே துருப்பிடிக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு வேறு படிந்து வழியை அடைக்கும். காலையில் திறந்ததும் பழுப்பாக வருகிறது, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறது என்றால், இன்று அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாளை கசியும். ஒவ்வொரு முறையும் டைல்ஸ் உடையும். அதே டிசைன் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அப்போது முழு லைனையும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். கீசர் சூட்டை அது தாங்கும், குளிர்ந்த தண்ணீருக்கான யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் தாங்காது.

வாடகைக்குக் கட்டும் வருமான வரியைப் பொறுத்தவரை, ஒரு துண்டை மாற்றினாலும் முழு லைனை மாற்றினாலும் ஒன்றுதான். சொத்துவரி போக மீதி வாடகையில் 30% கழிவு எப்படியும் உண்டு. உண்மையில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது இந்தக் கழிவில் கணக்கில் வராது.

முழுக்க மாற்றுவதாக இருந்தால் ஆள் குடிவருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குடும்பம் இருக்கும் வீட்டில் பாத்ரூமை உடைத்துப் போடுவது அவர்களுக்குப் பெரிய கொடுமை.