கோயில் சுற்றுலா வேனில் அம்மா, கைப்பேசியில் மோசடிக்காரன்: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோயில் சுற்றுலா நடத்தும் ஒரு டிராவல்ஸ், பயணிகளின் பெயர்ப் பட்டியலையும் ஆதார் நகல்களையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வேன் நின்ற ஊர்களையெல்லாம் உடனுக்குடன் முகநூலில் வெளியிட்டதன் விளைவாக, தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்த என் அப்பா 22,000 ரூபாயை ஒரு மோசடிக்காரனிடம் பறிகொடுத்தார். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கங்களிலிருந்து இத்தகைய வேன்கள் அடிக்கடி கிளம்புகின்றன. அவற்றில் போகிறவர்களில் பலர் நம் வீட்டுப் பெரியவர்கள். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் டிராவல்ஸின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் நவக்கிரகத் தலங்களைத் தரிசிக்கப் பணம் கட்டியிருந்தார்கள். தங்கசாலை மணிக்கூண்டு அருகிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு வேன் புறப்பட்டது. முன்பணம் கட்டியவுடன் இருவரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். அந்தக் குழுவில் சேரும் இணைப்பு டிராவல்ஸின் முகநூல் பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழேயே கிடந்தது. அட்மின் ஒப்புதல் தந்த பிறகே புதியவர் உள்ளே வரும்படி அமைக்க வாட்ஸ்அப்பில் வசதி இருக்கிறது. அதை யாரும் போட்டுவைக்கவில்லை. ஆக, தெருவில் போகிறவரும் அழுத்திவிட்டு உள்ளே வரலாம் என்ற நிலை.

குழுவில் வந்தவற்றைப் பிறகு அம்மாவின் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள்: இருக்கை எண், பெயர், வயது, கைப்பேசி எண், கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையால் ‘வீட்டு நம்பர்’. அம்மாவின் வரிசையில் அந்தக் கட்டத்தில் இருந்தது அப்பாவின் எண். அதற்குக் கீழே, கும்பகோணத்து லாட்ஜில் அறை எடுப்பதற்காகப் பயணிகள் கொடுத்த ஆதார் அட்டைகளின் படங்கள், 12 இலக்கமும் வீட்டு முகவரியும் தெளிவாகத் தெரியும்படி. வேன் ஓட்டுநர் தன் நேரலை இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் பகிர்ந்திருந்தார். வாட்ஸ்அப் அனுமதிக்கும் மிக நீண்ட அளவு அதுதான். இதற்கு மேல், ஒவ்வொரு கோயில் வாசலிலும் பயணிகளை நிற்கவைத்து எடுத்த படம், ஊர்ப் பெயரோடு, எல்லோருக்கும் தெரியும்படி முகநூலில் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை முற்பகலில் அப்பாவுக்கு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. எண் புதியது, முகப்புப் படம் டிராவல்ஸின் சின்னம். “அப்பா, பதட்டப்படாதீங்க, நான் டூர்ல கூட வந்திருக்கிற பையன் பேசறேன். சூரியனார்கோயில் வாசல்ல அம்மா மயங்கி விழுந்துட்டாங்க, கும்பகோணத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்” என்று ஆரம்பித்தான். அம்மாவின் பெயரை ஆதாரில் இருக்கிறபடி, இனிஷியலோடு சொன்னான். கட்டியிருந்த பச்சைப் புடவையைச் சொன்னான். பெரியம்மா பக்கத்திலேயே அழுதுகொண்டிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டான். முன்பணம் 15,000 கட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள் என்றவன், சிறிது நேரத்தில் ஸ்கேனுக்கு என்று மேலும் 7,000 கேட்டான். கியூ.ஆர். கோடு மருத்துவமனைக் கணக்காளருடையது என்று சொல்லி ஒரு தனிநபர் பெயரில் இருந்ததை அனுப்பினான்.

என் அப்பா துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘கே.ஒய்.சி. முடியப்போகிறது’, ‘பார்சலில் போதைப்பொருள்’ என்று வரும் அழைப்புகளை ஒரே வார்த்தையில் துண்டிக்கிறவர். அவர் அன்றும் சரிபார்க்கவே செய்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மாறி மாறி அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, பல பயணிகளைப் போல அவர்களும் அதைப் பையோடு வேனிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தார்கள். அடுத்ததாக டிராவல்ஸின் முகநூல் பக்கத்தைத் திறந்தார். அங்கே, சற்று முன் ஏற்றிய படத்தில், சூரியனார்கோயில் கோபுரத்தின் முன்னால் அம்மா பச்சைப் புடவையில் நின்றிருந்தார். அவன் சொன்ன பொய்க்கு அந்தப் பக்கமே சாட்சி சொல்லிவிட்டது. ஊர் சரி, நேரம் சரி, புடவை சரி, கைப்பேசியும் எடுக்கப்படவில்லை. மயங்கி விழுந்தார் என்ற ஒன்றுதான் பொய். இதில் ஹேக்கிங்கோ வேறு தொழில்நுட்ப வித்தையோ கிடையாது. பயணத் திட்டத்தைப் படித்து, கைப்பேசிகள் வேனில் கிடக்கும் நேரம் பார்த்து அழைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

வேன் கஞ்சனூருக்குக் கிளம்பிய பிறகு, தவறிய அழைப்புகளைப் பார்த்து அம்மாவே திரும்ப அழைத்தார். அப்பா உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான உதவி எண் 1930-க்குத் தகவல் கொடுத்தார். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். இரண்டாவதாக அனுப்பிய 7,000 ரூபாயை அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். முதல் தொகை அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்புக்கு வரம்பு விதிக்கும் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வங்கியில் கேட்டோம். பணம் அனுப்பும்போது போடும் ரகசிய பின் (PIN) எண்ணை அப்பாவே போட்டிருப்பதால் அது இங்கே பொருந்தாது என்று மறுத்துவிட்டார்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆள் அகப்பட்டால்தானே அதெல்லாம்.

டிராவல்ஸ்காரர் பதில் சொன்ன விதம்தான் எனக்குப் பணத்தைவிட அதிக ஆத்திரத்தைத் தந்தது. “எல்லா டூரும் இப்படித்தான் சார் போடறோம், வீட்டுல இருக்கிறவங்க பார்த்து சந்தோஷப்படறாங்க” என்றார். புதிதாகச் சேர்கிறவருக்குக் குழுவின் பழைய செய்திகள் தெரியாதே என்றும் வாதாடினார். பட்டியல் வருவதற்கு முந்தைய வாரமே, பயணிகள் யாருக்கும் சொந்தமில்லாத மூன்று எண்கள் குழுவில் சேர்ந்திருந்ததைக் காட்டியதும் பேச்சை முடித்துக்கொண்டார். மறுநாள் குழுவே கலைக்கப்பட்டது. முகநூல் படங்கள் மட்டும் விளம்பரத்துக்காக அப்படியே இருக்கின்றன. அவர் திருடர் அல்லர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாட்ஜில் காட்டுவதற்கென்று வாங்கிய ஆதாரை ஊருக்கே காட்ட அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்படிப் போவதாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே குழு இணைப்பு வெளியில் கிடக்கிறதா, பட்டியல் எங்கே போகும் என்று கேட்டுவிடுங்கள். ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்க மாட்டேன் என்கிறவரிடம் காரணம் கேளுங்கள். வேனின் நேரலை இருப்பிடம் வீட்டாருக்கு வேண்டுமென்றால், அம்மாவே தன் கைப்பேசியிலிருந்து பிள்ளைக்கு மட்டும் அனுப்பினால் போதும். கோயில் படங்களை ஊர் திரும்பிய பிறகு போட்டால் புண்ணியம் குறைந்துவிடாது. பணம் கேட்டு யார் அழைத்தாலும், அதே வேனில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் எண்ணுக்கு அழைத்து விசாரிக்க வழி இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஓர் எண் இருந்திருந்தால் அப்பா நிச்சயம் அழைத்திருப்பார்.

அதே வேனில் வந்த மற்றக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். குழு கலைக்கப்பட்டாலும் உங்கள் கைப்பேசியில் பழைய உரையாடல் இருக்கக்கூடும், அதை அழித்துவிடாதீர்கள். யார் எப்போது சேர்ந்தார் என்று காட்டும் வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுக்கு வந்ததைப் போன்ற அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், பணம் போகாவிட்டாலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தனியாகப் புகார் கொடுங்கள். உங்கள் ஆதார் நகலும் அந்த மூன்று எண்காரர்களிடம்தான் இருக்கிறது.