யானைக்கால் நோய்: இரவு ரத்தப் பரிசோதனையா, அட்டைச் சோதனையா?

சாக்கடைக் கொசு பரப்பும் இந்த நோயைப் பற்றிப் பேசப் புதுச்சேரியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. கொசு வழிப் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் நிலையம் 1975 முதல் இங்கேதான் இயங்குகிறது.

பழைய முறையில் இரவில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். நோயைப் பரப்பும் நுண்புழுக்கள் ஏறக்குறைய 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்தில் அதிகம் ஓடும். தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்துவது, அப்புறம் சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடுவது என்று வேலை அதிகம். செலவு குறைவுதான்.

அட்டைச் சோதனைக்குப் பகலே போதும். ஒரு துளி ரத்தம், பத்து நிமிடம். உடலில் ஒளிந்திருக்கும் வளர்ந்த புழு வெளியிடும் பொருளை அது காட்டிவிடுகிறது. தெருத்தெருவாகக் கணக்கெடுக்க நான் இதையே சொல்வேன். ஆனால் மருந்து சாப்பிட்ட பிறகும் நெடுநாள் இது 'இருக்கிறது' என்றே காட்டக்கூடும். நுண்புழு ஒழிந்ததா என்று பார்க்க இரவு ரத்தமே நம்பகமானது.

கால் ஏற்கெனவே வீங்கியவருக்கு இரண்டிலுமே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து நோயில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.