கறுப்புக் கோடா, நிறக்கோடா, கோடே வேண்டாமா? பிக்சல் ஸ்பிரைட்டின் ஓரம்

புதிதாக பிக்சல் ஆர்ட் (சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரையும் படம்) பழகுகிறவரின் கதாபாத்திரம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தெரிந்தால், உடனே ஷேடிங்கை (நிழல், வெளிச்சம் போட்டதை) திருத்தப் போவதுதான் வழக்கம். அதற்கு முன் அவுட்லைனை, அதாவது உருவத்தைச் சுற்றி வரும் கோட்டைப் பாருங்கள். சின்ன ஸ்பிரைட்டில் (கேமில் வரும் உருவப்படத்தில்) அதுதான் அதிக இடத்தைத் தின்கிறது.

12 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் உள்ள ஒரு பெட்டியை எண்ணிப் பார்ப்போம். மொத்தம் 192 பிக்சல். விளிம்பு மட்டும் 52. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கோட்டுக்கே போய்விடுகிறது. அதையே 24-க்கு 32 ஆக்கினால் 768-இல் 108, அதாவது 14 சதவீதம்தான். 32 உயரத்தில் அழகாக இருக்கும் கறுப்புக் கோடு 16-இல் மூச்சுமுட்டுவது இதனால்தான்.

கறுப்புக் கோட்டின் பலம், மிக இருண்டது தவிர மற்றப் பின்னணிகளில் உருவம் தனியே தெரியும். அனிமேஷனும் சுலபம், கை உடம்பின் குறுக்கே வந்தாலும் கோட்டின் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. சிக்கல் உள்ளே இருக்கிறது. 2 பிக்சல் கைக்கு இருபுறமும் கோடு போட்டால் அது 4 பிக்சல் ஆகிவிடும், கை உலக்கைபோல் தெரியும். இன்னொன்று, கறுப்பு எல்லை சுற்றிலும் இருந்தால் அதை ஒட்டியே நிழலையும் சுற்றிப் போடக் கை போகும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலையணைபோல் உப்பிய ஷேடிங் அப்படித்தான் வருகிறது.

அசெப்ரைட் என்ற பிக்சல் ஆர்ட் மென்பொருளில் ஷிஃப்ட்டும் ஓ-வும் அழுத்தினால் அவுட்லைன் தானாக வரும். வெளிப்புறக் கோடு ஒவ்வொரு பக்கமும் ஒரு பிக்சல் கூட்டும் என்பதால், 16 அகல கேன்வாஸில் உடம்பை 14-க்குள் வரைந்துவிடுங்கள். சதுர வகையைத் தேர்ந்தெடுத்தால் மூலைகளில் ‘எல்’ வடிவத்தில் பிக்சல் சேர்ந்து கோடு தடிக்கும். வட்ட வகையே நல்லது. கையால் வரைந்த கோட்டிலும் அப்படிப்பட்ட மூலைப் பிக்சலைத் தேடி அழியுங்கள். அது ஒன்றே பல ஸ்பிரைட்டுகளைச் சுத்தமாக்கிவிடும்.

நிறக்கோடு இதைவிட நேரம் பிடிக்கும், ஆனால் பலன் அதிகம். ஒவ்வொரு பகுதியின் கோட்டுக்கும் அந்தப் பகுதியின் நிறத்தையே இருட்டாக்கிப் போட வேண்டும். மாநிறத் தோலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஹியூவை (நிறவட்டத்தில் நிறத்தின் இடத்தை) சிவப்புப் பக்கம் 10, 15 டிகிரி நகர்த்தி, செறிவைச் சற்றுக் கூட்டி, பிறகு வெளிச்சத்தைக் குறையுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டு இந்த நிறத்தில் ஒரே ஒரு வரி போட்டால், தாடையின் நிழல் தானாக விழுந்ததுபோல் இருக்கும்.

இதில் ஆரம்பத்தில் நடக்கும் தவறு, ஒவ்வொரு கோட்டுக்கும் புதிதாக ஒரு நிறத்தைச் சேர்த்துக்கொண்டே போவது. பேலட் (படத்தின் நிறத் தொகுப்பு) இருபது நிறங்களைத் தாண்டியதும் படம் கலங்கிவிடும். ஏற்கெனவே உள்ள நிழல் நிறத்தையே உள்கோட்டுக்கும் வையுங்கள். தோலின் நிழல் நிறம் பழுப்புத் தலைமுடிக்கும் பொருந்தலாம். 16 உயர ஸ்பிரைட்டுக்கு 8 நிறம் தாராளம். அனிமேஷன் வேண்டுமானால் நடையின் 4 ஃபிரேம்களையும் ஒரே இருண்ட கோட்டில் முடித்த பிறகே நிறக்கோட்டுக்குப் போங்கள். இல்லாவிட்டால் கை நகரும் ஒவ்வொரு முறையும் கோட்டின் நிறத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கோடே இல்லாத பாணி மென்மையாக இருக்கும். ஆனால் உடைக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு கட்டாயம் வேண்டும். பச்சைச் சட்டை புல்வெளியில் கரைந்துபோகும். பின்னணியும் உங்கள் கையில் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

16 உயரத்தில் பழகுகிறவருக்கு ஏற்றது கலப்பு முறை: வெளிவிளிம்பு கருநீலமோ கரும் ஊதாவோ, உள்ளே முழுக்க நிறக்கோடு. முடித்ததும் கீழே ஒரு லேயர் போட்டு இருண்டது, நடுத்தரம், வெளிர் என மூன்று பின்னணிகளை மாற்றி வைத்து, பெரிதாக்காமல் 100 சதவீத அளவில் பாருங்கள். உருவத்தின் எந்தப் பக்கம் மங்குகிறதோ, அந்தப் பக்கத்துக் கோட்டை மட்டும் மாற்றினால் போதும்: வெளிர், நடுத்தரப் பின்னணியில் மங்கினால் ஒரு படி இருட்டாக்குங்கள், இருண்டதில் மங்கினால் ஒரு படி வெளிராக்குங்கள்.