சொந்த நிலத்து மண்ணை எடுத்தல்: தமிழ்நாட்டு நடைமுறையும் கேரள நடைமுறையும்

பட்டா தம் பெயரில் இருந்தால் அந்த நிலத்து மண்ணை வெட்டவும், விற்கவும், வேறிடத்துக்குக் கொண்டு செல்லவும் தமக்கு முழு உரிமை உண்டு என்று நம்புகிறவர்கள் இன்றும் மிகுதியாக இருக்கிறார்கள். கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களில் எல்லைக்கு இருபுறமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த நம்பிக்கை இரண்டு விதமான சிக்கலைத் தருகிறது. ஏனெனில் இரு மாநிலங்களுக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றாக இருந்தாலும், அதன்மேல் எழுப்பப்பட்ட விதிகள் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. மண் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைத் தமிழ்நாடு முதன்மையாகக் கேட்கிறது. அந்த மண் எங்கே போய் விழுகிறது என்பதையும் கேரளம் சேர்த்துக் கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்விதான் நிலத்தைக் காக்கிறது என்பது என் கருத்து. ஆயினும் எல்லா வகையிலும் கேரள நடைமுறையே மேல் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் பொதுவான அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் கட்டுமானக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் சிறு கனிமங்களாக வகைப்படுத்தி, அவற்றுக்கான விதிகளை இயற்றும் அதிகாரத்தை 15ஆம் பிரிவின் வழியாக மாநிலங்களிடம் ஒப்படைத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கரைகள், சாலைகள், ரயில் பாதைகள், கட்டடங்கள் ஆகியவற்றின் கட்டுமானத்தில் நிரப்பவோ சமப்படுத்தவோ பயன்படும் சாதாரண மண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே வெறும் மண் என்று நாம் கருதுவது, அந்தப் பயன்பாட்டுக்குப் போகும்போது சட்டத்தின் பார்வையில் கனிமமாகிவிடுகிறது.

நிலத்தடிக் கனிமம் நிலவுடைமையாளருக்குச் சொந்தமா, அரசுக்குச் சொந்தமா என்ற பழைய வழக்கில், மலபார் பகுதி நிலவுடைமையாளர்களுக்குச் சாதகமாக 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தின் உரிமையோடு அதன் அடியிலுள்ளவற்றின் உரிமையும் பொதுவாகச் சேர்ந்தே வரும் என்று அது கூறியது. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி அனுமதியே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள், உரிமை வேறு, ஒழுங்குமுறை வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். கனிமம் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதால் அதை எடுப்பதற்கும் கொண்டு செல்வதற்கும் உரிய சட்டக் கட்டுப்பாடுகள் நீங்கிவிடுவதில்லை.

வீடு கட்டுகிறவர் தம் மனைக்குள்ளேயே மண்ணை இடம் மாற்றும் எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்துக்காகத் தோண்டிய மண்ணை அதே மனையின் பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்தினால் அதற்கு ராயல்டி (கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் தொகை) கேட்கலாமா என்ற கேள்வி மகாராஷ்டிரத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014 டிசம்பரில் புனே கட்டுமான நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில், மண்ணைத் தோண்டிவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தொகை விதிக்க முடியாது என்றும், அந்த மண் எதற்குப் பயன்பட்டது என்பதை ஒவ்வொரு நேர்விலும் ஆராய வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்பு இரு மாநிலங்களுக்கும் பொருந்தும். ஆனால் சாதாரணக் குடும்பத்தினர் ஒருவரால் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மண் வெட்ட முடியாது. விதியிலேயே தெளிவு இருக்க வேண்டும்.

அந்தத் தெளிவு கேரளத்தில் அதிகம். கேரளச் சிறு கனிமச் சலுகை விதிகள் 2015இல் இயற்றப்பட்டபோது, உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் மண் எடுப்பும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. குறிப்பிட்ட பரப்பளவு வரையிலான கட்டடத்துக்கு முறையான அனுமதி இருந்து, அதைக் கட்டுவதற்குத் தவிர்க்க முடியாத அளவு மண்ணை எடுப்பதானால், தனியாகக் குவாரி அனுமதி பெற வேண்டியதில்லை. மனைக்கு வெளியே மண்ணைக் கொண்டு செல்லும்போதுதான் சுரங்க மற்றும் புவியியல் துறையிடம் ராயல்டி செலுத்திப் போக்குவரத்துப் பாஸ் வாங்க வேண்டும். எவ்வளவு மண் வெளியேறும் என்பதற்குக் கட்டட வரைபடமே அளவுகோலாகிறது. வீடு கட்டுகிறவரைக் குவாரி நடத்துகிறவராகப் பார்க்காத இந்த அணுகுமுறை நியாயமானது.

இதில் உள்ள ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். கட்டட அனுமதி வாங்கிக் குன்றைச் சரித்து, மண்ணை லாரி லாரியாக விற்றுவிட்டு, கட்டடத்தை எழுப்பாமலே விட்டுவிடுகிற வழக்கம் கேரளத்தின் இடைநாட்டுப் பகுதிகளில் பலமுறை புகாராக எழுந்திருக்கிறது. வீட்டுக்காரருக்காகத் திறக்கப்பட்ட வாசலில் மண் வியாபாரி நுழைந்துவிடுகிறார். அனுமதி வழங்கும் உள்ளாட்சிச் செயலாளர் அடித்தளப் பணி தொடங்கியதா என்று பின்னர் சென்று பார்க்காவிட்டால், விதியின் நல்லெண்ணம் வீணாகிறது.

தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளே இன்றும் அடிப்படை. பட்டா நிலத்திலிருந்து கிராவலோ செம்மண்ணோ எடுத்து வெளியே கொண்டு செல்ல விரும்புகிறவர் 19ஆம் விதியின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். வருவாய்த் துறையின் நிலப் பதிவுகள், புலப்படம், கனிமவளத் துறையின் தல ஆய்வு, சுரங்கத் திட்டம், மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, அதன் பின்னர் சீனியரேஜ் எனப்படும் கனிம உரிமைத் தொகை, மண்ணைக் கொண்டு செல்வதற்கான நடைச்சீட்டு என்று வரிசை நீள்கிறது. பல ஏக்கரில் ஆழமாக வெட்டி விற்கும் குவாரிக்கு இந்த வரிசை தேவைதான். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதற்குப் பிறகு அதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் மேட்டு மனையைத் தாழ்த்தி வீடு கட்ட முனைகிற ஒருவர் மீதமாகும் சில லோடு மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்போது, தமக்குரிய எளிய வழி எது என்பது அவருக்கு எந்த அலுவலகத்திலும் ஒரே விடையாகக் கிடைப்பதில்லை. கட்டட அனுமதியோடு மண் அனுமதியையும் இணைக்கும் கேரளத்தின் ஏற்பாட்டைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கட்டட அடித்தளம் தோண்டுதல், பாசனத்துக்கோ குடிநீருக்கோ கிணறு வெட்டுதல், வெள்ளத்தால் வயலில் படிந்த மணலை விவசாயி அகற்றுதல் போன்ற பணிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து 2016 ஜனவரி அறிவிக்கை விலக்களிக்கிறது. அந்த விலக்கு சுற்றுச்சூழல் அனுமதிக்கு மட்டுமே உரியது. வெளியே செல்லும் மண்ணுக்கான தொகையும் நடைச்சீட்டும் அதனால் தள்ளுபடியாவதில்லை. சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்காக எடுக்கும் சாதாரண மண்ணுக்கு 2020 மார்ச்சில் தரப்பட்ட பொது விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே நெடுஞ்சாலை ஒப்பந்ததாரர் ஒருவர் நிலத்து மண்ணைக் கேட்டு வந்தால், அனுமதி தேவையில்லை என்று பழைய அறிவிக்கையைக் காட்டி அவர் சொல்வதை நிலவுடைமையாளர் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

வயலுக்கும் மனைக்கும் மண் கொண்டுவருவதில் நிலைமை தலைகீழாகிறது. இங்கே தமிழ்நாடுதான் முன்னிற்கிறது. ஏரி, குளங்களில் படிந்த வண்டலையும் களிமண்ணையும் விவசாயம், வீட்டுத் தேவை, மண்பாண்டத் தொழில் ஆகியவற்றுக்காகக் கட்டணமின்றி எடுக்க அதே 1959ஆம் ஆண்டு விதிகளின் 12(2)ஆம் விதி வழி செய்கிறது. 2017ஆம் ஆண்டின் ஆணைப்படி நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர், வீட்டுத் தேவைக்கு 30 கனமீட்டர், மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கனமீட்டர் என்று அளவுகள் வகுக்கப்பட்டன. நஞ்சைக்கான அளவு சுமார் 25 டிராக்டர் லோடுகளுக்குச் சமம். 2024இல் அனுமதி வழங்கும் அதிகாரம் ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு மாற்றப்பட்டு, இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம் என்றானது. கோடையில் ஏரி வற்றியிருக்கும் சில வாரங்களுக்குள் மண் எடுத்தாக வேண்டிய விவசாயிக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உள்ள தொலைவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது. கண்மாய் ஆழமாகிறது, களைத்த வயலுக்குக் கரம்பை சேர்கிறது, குயவருக்குத் தொழில் நடக்கிறது. ஏரிப் பாசனம் பரவலாக உள்ள நிலப்பகுதிக்கே உரிய இந்த ஏற்பாட்டுக்கு ஈடாகக் கேரளத்தில் எதையும் காட்ட முடியாது. அங்குள்ள நில அமைப்பு அதைப் பெரிதாகக் கோரவும் இல்லை.

இச்சலுகையும் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. வண்டல் என்ற பெயரில் கிராவலும், சவுடு என்ற பெயரில் ஆற்று மணலும் வெளியேறின. சவுடு என்ற பேச்சுவழக்குப் பெயரில் அனுமதி கொடுக்காமல், மண்ணின் கூறுகளை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட வேண்டியதாயிற்று.

இனி, மண் போய் விழும் இடம். 2008 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் உள்ள கேரள நெல்வயல் மற்றும் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம், வயலை மண்ணிட்டு நிரப்புவதையே குற்றமாக்குகிறது. ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் வேளாண் அலுவலரை உள்ளடக்கிய கண்காணிப்புக் குழு உண்டு. வயல்களைப் பதிவு செய்த டேட்டா பேங்க் உண்டு. வேறு நிலமில்லாத உரிமையாளர் சொந்த வீடு கட்டுவதற்கு, ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் என்ற வரம்புக்குள் மட்டுமே விலக்குக் கோர முடியும். மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிரப்பிய நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருப்பதுதான் இச்சட்டத்தின் உயிர்நாடி என்பேன். அபராதத்தைச் செலவாகக் கணக்கெழுதிவிடுகிறவரும், கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ள வேண்டியிருக்கும் என்றால் தயங்குவார்.

2018இன் திருத்தம் இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. டேட்டா பேங்கில் இடம்பெறாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள 27ஏ பிரிவு வழி கொடுத்தது. ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்ட அலுவலர்களின் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. அப்படியிருந்தும், தமிழ்நாட்டில் மாநிலம் முழுமைக்கும் இத்தகைய சட்டம் இல்லை என்பதை நினைக்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற 2017ஆம் ஆண்டின் விதிகள் அனுமதி கேட்கின்றன. டெல்டாப் பகுதிக்கு 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. ஆனால் முறையான நடைச்சீட்டோடு வந்த கிராவல் லாரி ஒரு நஞ்சையில் கொட்டிவிட்டுப் போனால், கனிம விதியின் பார்வையில் அங்கே குற்றமொன்றும் நடக்கவில்லை. வாய்க்காலின் கடைமடை அடைபட்டு, பக்கத்து வயலில் நீர் தேங்கிய பிறகுதான் பிரச்சினை வெளியே தெரிகிறது.

மலைப்பகுதியில் இரு மாநிலங்களும் ஒன்றுபோலவே கடுமை காட்டுகின்றன. நீலகிரியில் பொக்லைன் இயந்திரத்தை இயக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அறிவிக்கப்பட்ட கிராமங்களில் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பார்வையும் உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள். இடுக்கி, வயநாடு மாவட்டங்களில் கனமழை எச்சரிக்கை வரும்போது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் மண் வெட்டுதலைத் தடை செய்வது வழக்கம். அந்த நாள்களில் கையிலுள்ள பாஸ் செல்லாது.

தண்டனையிலும் 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே இரு பக்கமும் ஆள்கிறது. அனுமதியின்றி எடுத்தாலும் கொண்டு சென்றாலும் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், வாகனப் பறிமுதல், எடுத்த கனிமத்தின் விலை வசூல் ஆகியவை 21ஆம் பிரிவில் உள்ளன. லாரி ஓட்டுநர் பிடிபட்டாலும், மண் வெட்டப்பட்ட சர்வே எண்ணை வைத்து நில உரிமையாளரிடமே விசாரணை வந்து சேரும். ஆகவே கேரளத்தில் நிலம் வைத்திருப்பவர் முதலில் கிருஷி பவன் எனப்படும் உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் டேட்டா பேங்கைப் பார்த்து, பிறகு கட்டட அனுமதி, அதன் பின் போக்குவரத்துப் பாஸ் என்று செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர், மண் தம் எல்லைக்குள்ளேயே இருக்குமானால் வெட்டுவதற்கு முன்பும் சமப்படுத்திய பின்பும் அளவுகளோடு படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையைத் தாண்டுமானால் கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் பெறாமல் முதல் லோடை ஏற்றக் கூடாது.